1,800 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. வகுப்பறைக்கு யாரைக் கேட்பது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடங்களுக்கு முன்பு 170 பிள்ளைகள் படித்தார்கள். இப்போது 310 பேர். ஒன்று முதல் ஐந்து வரை 210, ஆறு முதல் எட்டு வரை 100. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டதால் பயன்பாட்டில் இருப்பவை ஐந்து வகுப்பறைகள்தான். இரண்டு வகுப்புகள் வராந்தாவில் நடக்கின்றன. ஊரைச் சுற்றி மூன்று அடுக்குமாடித் திட்டங்களில் 1,800 வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பில்டரிடம் கேட்டால் பத்து சதவீத நிலத்தைக் கொடுத்துவிட்டோம் என்கிறார். ஊராட்சியில் நிதி இல்லை என்கிறார்கள். கல்வி அலுவலகத்தில் கேட்டால் கட்டடம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பொறுப்பு என்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக நான் யாரிடம் எதைக் கேட்பது? அந்தப் பத்து சதவீத நிலத்திலேயே பள்ளி கட்ட முடியாதா?

பதில்:

வணக்கம் சகோதரி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல ஊர்களில் இதிலேயே இரண்டு மூன்று வருடங்கள் வீணாகின்றன. அந்த நிலத்தில் பள்ளிக்கூடம் கட்ட முடியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, மனையிடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலைகள் நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலமாக, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகத் தரலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். இப்படி வரும் நிலம் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் உரியது. நோக்கம் நல்லது என்பதற்காக அதில் கட்டடம் எழுப்ப நீதிமன்றங்கள் விடுவதில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஓ.எஸ்.ஆர். இடத்தில் வகுப்பறைக்கு அடிக்கல் நாட்டினால், குடியிருப்போர் ஒருவர் வழக்குப் போட்டாலே வேலை நின்றுவிடும். ஒதுக்கிய நிதியும் காலாவதியாகிவிடும். அந்த இடம் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால், அதை நல்ல விளையாட்டுத் திடலாக்கிப் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும்படி செய்யச் சொல்லுங்கள். பள்ளி வளாகத்துக்குள் கட்டடத்துக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கு என்று தனியாக ஒரு சதவீதம் ஒதுக்குகிறார்களே, அது ஆகாதா என்று அடுத்து கேட்பீர்கள். அதில் பாதி மின் வாரியத்துக்கு. உள்ளாட்சிக்கு வருவது அரை சதவீதம். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு என்றால் சுமார் 20,000 சதுர மீட்டர். சாலையைக் கழிக்காமல் பார்த்தாலும் அரை சதவீதம் 100 சதுர மீட்டர்தான். இரண்டு வகுப்பறைக்குக்கூட இடம் காணாது. ஒன்றிய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி நெறிகள் 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கு 0.40 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் வேண்டும் என்கின்றன. 7,500 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியும் 1.80 ஹெக்டேரும். இவை பரிந்துரைகள். கட்டட அனுமதி தரும் மேசையில் இவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கோளாறின் வேர் இங்கேதான். வீட்டுக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.). சாலை அகலம், தீயணைப்பு வண்டி திரும்பும் இடம், கார் நிறுத்தம், கழிவுநீர் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பக்கத்துப் பள்ளியில் எத்தனை இடம் காலி என்று யாரும் கேட்பதில்லை. கல்வித் துறைக்கோ பிள்ளை பள்ளியில் சேர்ந்து பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் விஷயம் தெரியும். இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆவது பிரிவின்கீழ், புதிய வீடுகளால் எத்தனை மாணவர்கள் வருவார்கள் என்று கணக்கிட்டு, அதற்கான பள்ளி இடத்துக்குக் கட்டுமான நிறுவனத்திடம் உள்ளாட்சி பணமோ நிலமோ வாங்க முடிகிறது. நம்மிடம் அப்படிப் பள்ளிக்கென்று கட்டாயப் பங்களிப்பு கிடையாது. நம் பில்டர்களும் கட்டுகிறார்கள்: வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம், கூடுதல் தளப்பரப்புக்கான பிரீமியம். ஆனால் அந்தப் பணத்தில் இவ்வளவு பள்ளிக்கு என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே 1,800 வீட்டுக்கான கணக்கை வகுப்பறைக் கணக்காக மாற்றி அதிகாரிகளின் மேசைக்குக் கொண்டுபோகும் வேலை உங்கள் குழுவின் தலையில் விழுந்திருக்கிறது. நியாயமில்லைதான். ஆனால் சட்டம் அதற்கான கருவியை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

அந்தக் கருவி பள்ளி மேம்பாட்டுத் திட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 உங்கள் குழுவை உருவாக்குகிறது: உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிரிவு 22 இந்தத் திட்டத்தைத் தயாரிக்கும் கடமையை உங்களுக்குத் தருகிறது. அரசு தரும் மானியத்துக்கு அதுவே அடிப்படை என்றும் சொல்கிறது. மூன்று ஆண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுவாரியாக மூன்று உட்பிரிவுகள். ஒன்றிய அரசின் விதிகள் நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பர் முடிவுக்குள், தயாராக வேண்டும் என்கின்றன. பெரும்பாலான பள்ளிகளில் இது ‘கூடுதல் வகுப்பறை தேவை’ என்ற ஒற்றை வரித் தீர்மானமாக முடிகிறது. அந்த வரியை வைத்து எந்த அலுவலரும் கோப்பு தொடங்க முடியாது. எண்களோடு எழுதுங்கள்.

எண்களை இப்படி எடுக்கலாம். முதலில் இன்றைய பற்றாக்குறை. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரை 200 பேருக்கு மேல் போனால் தலைமையாசிரியர் நீங்கலாக 40 பேருக்கு ஓர் ஆசிரியருக்குக் குறையக் கூடாது. 210 பேருக்கு ஆறு பேர். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர், வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும். 100 பேருக்கு மூன்று பேர். மொத்தம் ஒன்பது ஆசிரியர்கள். அதே அட்டவணை ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையும், தலைமையாசிரியருக்கு அலுவலகமும் இருப்பு அறையுமாகச் சேர்ந்த ஓர் அறையும் கேட்கிறது. ஆக ஒன்பது வகுப்பறையும் ஓர் அலுவலக அறையும் வேண்டும். உங்களிடம் இருப்பது ஐந்து. நான்கு வகுப்பறைப் பற்றாக்குறை என்பது இன்றைக்கே, ஒரு புதுக் குடும்பமும் வருவதற்கு முன்பே. மனுவில் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது வரப்போகும் பிள்ளைகள். இதில் பலர் தவறான கணக்குப் போட்டு அதிகாரிகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். 1,800 வீட்டில் வீட்டுக்கு மூன்றரைப் பேர் என்று வைத்தால் 6,300 பேர். தமிழ்நாட்டில் 2020-இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 14 பிறப்பு இருந்தது; அந்த அளவில் ஒரு வயதுக்கு 88 பிள்ளைகள், ஐந்து வகுப்புக்கு 440. ஆனால் இத்தனை பேரும் உங்கள் பள்ளிக்கு வருவார்கள் என்று எழுதினால், அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குத்தானே போவார்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். பெருமளவுக்கு அது உண்மையும்கூட. அரசுப் பள்ளியின் சேர்க்கையை ஏற்றுவது பெரும்பாலும் அந்த வீடுகளை நம்பி வரும் மற்ற குடும்பங்கள்: கட்டும் காலத்தில் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் பீகார், ஒடிசா, வங்காளப் பிள்ளைகள், குடியேறிய பிறகு வீட்டு வேலை, காவல், ஓட்டுநர், துப்புரவு வேலைக்கு வந்து ஊருக்குள் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தவர்களின் பிள்ளைகள். உங்கள் பள்ளியில் மூன்று வருடத்தில் கூடிய 140 பேரின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டை வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். பாதிக்கு மேல் இந்த வகையாக இருந்தால், அதைவிட வலுவான சான்று வேண்டாம். கட்டுமானம் கூடக் கூடச் சேர்க்கை கூடுகிறது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டு இடத்தில் கிடைக்கும். அங்கன்வாடிப் பதிவேடு ஒன்று. கிராம சுகாதார செவிலியரிடம் உள்ள கர்ப்பிணி, தடுப்பூசிப் பதிவு இன்னொன்று. பெயர்கள் வேண்டாம், வயதுவாரியாக எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். கொடுப்பதில் சிக்கல் இருக்காது. அடுத்த மூன்று ஜூன் மாதங்களில் ஒன்றாம் வகுப்புக்கு வரக்கூடியவர்களின் உச்ச வரம்பு அதில் வந்துவிடும். கட்டப்படும் வீடுகளின் விவரத்துக்குத் கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் எதுவானாலும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். எத்தனை வீடு, எப்போது முடியும் என்பது திட்டவாரியாக இருக்கும். முடிவுத் தேதியை வைத்து எந்த ஆண்டில் எத்தனை வீடு கைக்கு வரும் என்று ஓர் அட்டவணை போடலாம். சாவி கொடுத்த வருடமே எல்லா வீட்டிலும் ஆள் வந்துவிடுவதில்லை. முதலீட்டுக்கு வாங்கியவை பூட்டியே கிடக்கும். ஆகவே மொத்த எண்ணிக்கையை ஒரே வருடத்தில் போடாமல் மூன்று நான்கு வருடத்துக்குப் பிரித்துப் போடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு சின்னக் கட்டத்தில் விஷயம் கெட்டுப்போகும். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30 நிலவரப்படி யுடைஸ் படிவம், அதாவது நாடு முழுவதும் பள்ளி விவரங்களைத் திரட்டும் படிவம், நிரப்புகிறது. அதில் வகுப்பறைகளை நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்து எழுத வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்த அறைகள் பல பள்ளிகளின் படிவத்தில் போன வருட எண்ணிக்கையோடு அப்படியே தொடர்கின்றன. தரவில் உங்கள் பள்ளிக்கு எட்டு வகுப்பறை என்று இருந்தால், சென்னையில் உட்கார்ந்து பட்டியல் எடுப்பவருக்கு நீங்கள் பற்றாக்குறைப் பள்ளியாகவே தெரிய மாட்டீர்கள். தலைமையாசிரியரோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை ஒரு முறை கண்ணால் பாருங்கள். பிழை இருந்தால் அடுத்த பதிவில் திருத்தச் சொல்லி, திருத்தக் கோரிய கடிதத்தின் நகலை மனுவோடு சேருங்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் இதே கதை. ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 சேர்க்கையை வைத்து நடக்கிறது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி சேர்ந்த பிள்ளைக்கு அந்த ஆண்டுக் கணக்கில் இடமில்லை. வேறு மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத் தளமான எமிஸ் தளத்தில் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காமல் வைத்திருந்தால், உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தரவில் இன்னும் அந்தப் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருக்கும். வெளி மாநிலப் பிள்ளைகளுக்கு எமிஸ் எண்ணே இருக்காது, புதிதாக உருவாக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. ஜூலை கடைசி வாரத்தில் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து பெயர் விடுபடுவது சாதாரணம்; ஓர் ஆசிரியர் பணியிடம் அதில் போய்விடலாம்.

இனி நிலம். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். நிதி ஒதுக்கியும் நிலச் சிக்கலால் திரும்பிப்போன வகுப்பறைகள் ஏராளம். இருக்கும் வளாகம் முதலில் பள்ளியின் பெயரிலோ ஒன்றியத்தின் பெயரிலோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர் யாரோ வாய்மொழியாகக் கொடுத்த இடமாக இருக்கலாம். சர்வே எண்வாரியாக நில உரிமையைக் காட்டும் அ-பதிவேட்டில் அவர் பெயரே இருக்கும். சென்ட் ஐந்து லட்சத்துக்குப் போகும் ஊரில் பேரப்பிள்ளைகள் வந்து உரிமை கேட்கும்போது பள்ளி தவிக்கும். அ-பதிவேடும் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் சர்வே எண்ணைப் போட்டாலே கிடைக்கின்றன. இரண்டையும் எடுத்து, எல்லைக்கல் இருக்கும் இடத்தை நில அளவரை வைத்து அளக்க விண்ணப்பம் கொடுங்கள்.

வளாகத்தில் இடம் போதாது என்றால் ஊரிலுள்ள புறம்போக்கு நிலங்களைப் பட்டியலிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு பக்கமே போக வேண்டாம். ஏரி, குளம், வாய்க்கால் என்று வகைப்பட்டதைத் தண்ணீர் வற்றிப்போனாலும் பள்ளிக்கு மாற்ற முடியாது. மேய்க்கால் என்றால் அதற்கு ஈடாக மாற்று நிலம் காட்டச் சொல்வார்கள், கோப்பு நீளும். களம், கிராம நத்தத்தில் காலியிடம், தரிசு ஆகியவைதான் நடைமுறையில் கைகூடுபவை. ஒன்றைத் தேர்ந்ததும் ஊராட்சியின் ஆட்சேபணையின்மைத் தீர்மானம், பள்ளிக் குழுத் தீர்மானம், தலைமையாசிரியர் கோரிக்கை, வட்டாரக் கல்வி அலுவலரின் பரிந்துரை, இவற்றோடு வட்டாட்சியரிடம் நில மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கை போய், கோட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கு வரும். முழு மாற்றம் முடிய வெகுநாள் ஆகும் என்பதால், முன் நுழைவு அனுமதியையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். அது கிடைத்தால் கட்டட வேலையைத் தொடங்கிவிடலாம்.

மூன்று பில்டர்களிடமும் ஓ.எஸ்.ஆர். தவிர்த்துத் தனியாக நிலம் கேட்கலாம். கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் கேட்பதற்கு நல்ல சமயம் அவர்களின் அனுமதிகள் முடிவதற்கு முன்புதான். தருவதாகச் சொன்னால் வாய்ச்சொல்லோடு விடாமல், ஊராட்சி ஒன்றிய ஆணையர் பெயருக்குப் பதிவு செய்த தானப் பத்திரமாக வாங்கி, அன்றே பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். பத்திரம் இருந்தும் பட்டா மாறாத இடங்கள்தான் பின்னால் கைமாறுகின்றன.

இப்போது நிதி. ஊராட்சியில் பணம் இல்லை என்பது முழு உண்மை அல்ல, பொய்யும் அல்ல. புதிய வீடுகளால் ஊராட்சிக்கு வீட்டு வரி வரும். ஆனால் ஆள் குடியேறி இரண்டு வருடமாகியும் வரி விதிக்கப்படாத அடுக்குமாடிகள் எல்லா ஊரிலும் உண்டு. சொத்து விற்பனையின்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலாகும் கூடுதல் தீர்வை, வழக்கமான விற்பனைப் பத்திரத்தில் மதிப்பில் 2 சதவீதம், உள்ளாட்சிகளுக்கு உரியது. 40 லட்ச ரூபாய் சொத்து கைமாறினால் 80,000 ரூபாய். ஆனால் பதிவுத் துறை வசூலித்து அரசு வழியாகப் பகிரப்படுவதால், உங்கள் ஊர் விற்பனைக்கான தொகை அப்படியே உங்கள் ஊராட்சிக் கணக்கில் விழும் என்று எண்ண வேண்டாம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வருகிறது. அதில் பெரும்பங்கு மின்கட்டணம், குடிநீர், துப்புரவாளர் ஊதியம் என்று கரைந்துபோகும். நகராட்சி, மாநகராட்சிகளில் சொத்து வரியோடு கல்வி வரியும் உண்டு. உங்கள் ஊராட்சியில் அப்படிப் பள்ளிக்கென்று தனிக் கணக்கு இல்லாததால், ஊராட்சியிடம் நான்கு வகுப்பறை கேட்பதில் பயனில்லை. அவர்களிடம் கழிப்பறைப் பராமரிப்பு, குடிநீர், சுற்றுச்சுவர்ப் பழுது இவற்றைக் கேளுங்கள். வகுப்பறையை ஒன்றியத்திடம் கேளுங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு என்று கல்வி அலுவலகம் சொன்னது சரிதான்.

ஊராட்சி ஒன்றிய அளவில் இப்போது வகுப்பறைக்கு முக்கியமான வழி, 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். ஒன்றியப் பள்ளிகளுக்கான கட்டடங்களை ஊரக வளர்ச்சித் துறை கட்டுகிறது. பட்டியல் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகிறது. ஆகவே உங்கள் மனு பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரே தேதியில் போக வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டுத் திட்டத்திலும் வட்டார வள மையம் வழியாகப் பெயரைச் சேருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் ஓடும் திட்டம் அது. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம்.

இரண்டு வகுப்பறைக் கட்டடத்துக்கு மதிப்பீடு 30 லட்ச ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதில் ஓர் இரட்டை வகுப்பறை என்பது கேட்கக்கூடிய அளவுதான். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகக் கட்டினால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். 33 லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு 11 லட்சம். ஏற்கெனவே குடியேறிய அடுக்குமாடிச் சங்கங்கள், பக்கத்து நிறுவனங்கள், முன்னாள் மாணவர்கள் சேர்ந்தால் எட்டக்கூடிய தொகை. எங்கே கேட்டாலும் ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடும் இடத்தின் வரைபடமும் கையில் இருக்க வேண்டும். தரைத்தளம் மட்டும் கேட்காமல், மேலே ஒரு தளம் பின்னால் எழுப்பும்படி அடித்தளம் போடச் சொல்லுங்கள். இடமில்லாத ஊரில் ஒற்றைத் தளக் கட்டடங்களாகவே கட்டிக்கொண்டு போனால் திடல் முழுக்கப் போய்விடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் திட்டங்களுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. 1,800 வீட்டை மூன்றாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் அந்த அளவைத் தாண்டும். 2018 முதல் இந்த அனுமதிகளில் திட்டச் செலவில் குறிப்பிட்ட சதவீதத்தைச் சுற்றுவட்டார மக்களுக்குச் செலவிடும் பொறுப்பு சேர்க்கப்பட்டது. 2020-இல் சதவீதம் நீங்கி, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தின் பகுதியாக என்னென்ன வேலை, எவ்வளவு தொகை என்று எழுதும் முறை வந்தது. தமிழ்நாட்டில் பல அனுமதிக் கடிதங்களில் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம் என்று எழுதியிருப்பார்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடி அனுமதிக் கடிதத்தை எடுங்கள். உங்கள் பள்ளியின் பெயரே அதில் இருக்க வாய்ப்பு உண்டு. நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அவர்கள் அறிக்கை தர வேண்டும். கடிதத்தில் பள்ளி இருந்து வேலை நடக்கவில்லை என்றால், அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள், ஆணையத்துக்கு நகல் அனுப்புங்கள். நன்கொடை கேட்பது வேறு, அனுமதியின் நிபந்தனையைக் கேட்பது வேறு. இரண்டாவதற்குப் பதில் வராமல் இருக்காது.

மனுவுக்குப் பின்னால் கிராம சபைத் தீர்மானம் இருப்பது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூட்டங்களில், அக்டோபர் அல்லது நவம்பர் கூட்டம் உங்கள் டிசம்பர்த் திட்டத்துக்கு முன் வருவதால் பொருத்தமானது. தீர்மானத்தில் சர்வே எண், வகுப்பறை எண்ணிக்கை, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். பதிவேட்டில் எழுதியதை அன்றே படித்துப் பாருங்கள். ஊராட்சியில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கும் காலமாக இருந்தால் அந்த அலுவலரிடமே நேராகக் கொடுக்கலாம்.

பதில் வராவிட்டால் சட்டத்தின் 32-ஆவது பிரிவைப் பயன்படுத்துங்கள். குழந்தையின் உரிமை பற்றி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. தன் எல்லைக்குள் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் 9-ஆவது பிரிவின்படி உள்ளாட்சியின் கடமை என்பதை அந்தப் புகாரில் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதும் பயன் தரும். பல இடங்களில் கேட்ட பிறகுதான் கணக்கெடுப்பே தொடங்குகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். உங்கள் பக்கத்து ஊராட்சிகள் நகராட்சி, மாநகராட்சியோடு சேரும் பேச்சு வரும்போதெல்லாம், பள்ளி யாருடையது என்பதில் குழப்பம் வருகிறது. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. இணைந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகள் மாநகராட்சி நிர்வாகத்துக்கு வந்தது 2022-இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு ஜன்னல் கதவு மாற்றுவதற்குக்கூட யார் செலவு என்று பேச்சு நடக்கும். நில மாற்ற விண்ணப்பமும் பட்டாவும் இணைப்புக்கு முன்பே கோப்பில் ஏறியிருந்தால், புதிய அலுவலகத்துக்கு அந்தக் கோப்பு சொத்துப் பட்டியலோடு சேர்ந்தே போகும். இந்த மாதக் குழுக் கூட்டத்திலேயே அ-பதிவேடு, புலப்பட நகல்களை வைத்துத் தீர்மானம் எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.